ரெண்டு தடவை எண்ணும் சம்பந்தி

என் அண்ணி கல்யாண வீட்டில் பொய் மட்டுமே பாடுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

நலங்கு வைக்கும் மாலையில், மணையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தனமும் மஞ்சளும் பூசி முடித்த பிறகு, சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பெண்கள் பாடுவது எங்கள் உறவில் வழக்கம். ஏசல் என்போம். ஒருத்தி நாலு அடி பாடுவாள். சுற்றி நிற்பவர்கள் கடைசி அடியைக் கைதட்டித் திருப்பிச் சொல்வார்கள். மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம் வரை உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் முன்னால் நின்று பாடுவது அண்ணிதான். மண்டபமும் டி.ஜே.யும் ட்ரோன் கேமராவும் வந்த பிறகு அவருக்கு அழைப்பு கூடியிருக்கிறது. மெல்லிசைக் குழுவின் மைக்கை வாங்கிப் பாடுகிறார். பாட்டு முடிவதற்குள் அது பத்துப் பேருடைய ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது.

ஏசலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இருப்பதைப் பாடக் கூடாது. கால் தாங்கி நடப்பவரின் காலைத் தொடக் கூடாது. குடிக்கிறவரைக் குடிகாரர் என்று சொல்லக் கூடாது. பந்தியில் கேட்காமலே இரண்டாவது லட்டு வைப்பவரைக் கஞ்சன் என்று பாடலாம். சிவப்பாக இருப்பவளைக் கரிச்சட்டி என்று பாடலாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பாட்டில் அகப்பட்டவர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். அவரிடம் அந்தக் குறை இல்லை என்று மைக் வைத்துச் சொன்னதுபோல அது. பாட்டில் இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் வருத்தம். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், ஒரு வளைகாப்பில் தன்னை விட்டுவிட்டார்கள் என்று சாப்பிடாமல் கிளம்பினார். அண்ணி வாசல் வரை ஓடிப்போய் மறித்தார்.

"என்னை ஏன் விட்டுட்ட?" என்றார் பெரியப்பா. "பொய்யா சொல்றதுக்கு ஒரு கொறைகூடக் கெடைக்கலன்னா, எல்லாக் கொறையும் எங்கிட்ட இருக்குன்னுதானே அர்த்தம்?"

அண்ணி அங்கேயே நின்று அவரைத் திருட்டு மாங்காய் தின்னும் கிழவன் என்று நாலு அடி பாடிய பிறகுதான் அவர் இலைக்குத் திரும்பினார்.

இன்னொன்றும் உண்டு. ஏசலுக்கு மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால், மனதறிந்துதான் பாடினோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மனத்தாங்கல் வந்தால் அதற்குப் பதில் பாட்டுதான். பதில் பாட வேண்டியவர்கள் பாடாவிட்டால் தாங்கல் அப்படியே நிற்கும்.

அண்ணனுக்கு ஒரே பெண். அவளுக்குப் பெரம்பலூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அங்கன்வாடி டீச்சர். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணி போன் செய்தார். நான் அரியலூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பெரம்பலூருக்கு வாரம் ஒரு முறையாவது போக வேண்டியிருக்கும்.

"தம்பி, பெரம்பலூர் போறப்ப சம்பந்தியப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சுட்டு வாங்க."

"நிச்சயத்துக்கு முன்னாடியே விசாரிச்சாச்சே அண்ணி."

"அது வேற. அவருகிட்ட என்ன கொறை இல்லன்னு கேட்டுட்டு வாங்க. இல்லவே இல்லன்னு ஊரே அடிச்சுச் சொல்லணும். எம் பொண்ணு வாழப்போற வூடு. நான் தெரியாம நெசத்தப் பாடிட்டா, அவதான் அங்க போயி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்குச் சோறு போடணும்."

ஒரு தகவல் உண்மையா என்று இரண்டு இடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது என் தொழில். பொய்தானா என்று உறுதி செய்துகொண்டு வரச் சொன்னவர் அண்ணி ஒருவர்தான். வேலை முறை ஒன்றுதான் என்பதால் அதையும் இரண்டு இடத்தில் கேட்டேன்.

முதலில் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்காரர். "அவரா? கருக்கா, கவனமா இருக்கற ஆளுங்க. வண்டியில யாராச்சும் கொடைய விட்டுட்டுப் போனாக்கூட, மறுநாள் அதே ட்ரிப்புல கொண்டாந்து குடுப்பாரு." அடுத்து, அவரோடு அதே பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டிய டிரைவர். "எந்த ஸ்டாப்புல டீக்கு நின்னாலும் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஆள எண்ணுவாரு. ஒரு தடவ இல்ல சார், ரெண்டு தடவ. முன்னாடிலேருந்து பின்னாடி, பின்னாடிலேருந்து முன்னாடி. நான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

இரண்டும் பொருந்தின. அன்று மாலையே மீன்சுருட்டி போனேன். வீட்டை நெருங்கும்போதே தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி நிரம்பி, சுவர் வழியாக இறங்கி, வாசலில் போட்டிருந்த பந்தக்கால் குழியை நிரப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் பிளம்பரோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசந்தான் வால்வு மாத்துனேன். மறுபடியும் நிக்க மாட்டேங்குது. ஒறவுல கல்யாணம் வர்றப்பல்லாம் இந்தத் தொட்டிக்கு என்னமோ கோளாறு வருது."

அண்ணி கொல்லைப்பக்கமிருந்து வந்தார். "மோட்டார நிறுத்த மறந்துட்டேன். இதுக்குப் போயி பிளம்பரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு" என்றவர், என்னை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். நான் கேட்டு வந்ததைச் சொன்னேன்.

"எதையும் விட்டுட்டுப் போக மாட்டாரா?"

"ஒரு கொடையக்கூட."

"ரெண்டு தடவ எண்ணுவாரா?"

"டிரைவரே சொன்னார்."

அண்ணி விரலால் முழங்காலில் தாளம் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "போதும் தம்பி. காப்பி குடிங்க."

நலங்கு ஜெயங்கொண்டத்தில் மண்டபத்திலேயே நடந்தது, இரு வீட்டாருக்கும் சேர்த்து. மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், நிமிர்ந்து உட்காருவார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அன்றும் தன் பக்கத்தில் இடம் பிடித்து, "அக்கா, பாட்டுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார். அவர்கள் பக்கத்தில் பாடுகிறவர் யாரும் வரவில்லை என்று அண்ணி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். பதில் வராது என்பதால் அளவாகத்தான் பாடப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையை ஒரு நாலு அடி. அவன் அக்காவை ஒரு நாலு அடி. அவர்கள் பக்கமும் கைதட்டினார்கள். மூன்றாவதாகச் சம்பந்தியிடம் வந்தார்.

ரைட்டு ரைட்டுன்னு சொன்னாராம்,
ரெண்டு விசிலு அடிச்சாராம்,
கட்டிவந்த பொண்டாட்டியக்
கடைத்தெருவுல மறந்தாராம்!

எங்கள் பக்கத்துப் பெண்கள் குலுங்கிச் சிரித்தபடி கடைசி அடியைத் திருப்பிச் சொன்னார்கள். கடைத்தெருவுல மறந்தாராம், கடைத்தெருவுல மறந்தாராம். மூன்றாவது முறை சொல்லும்போதுதான் எதிரே யாரும் கைதட்டவில்லை என்று தெரிந்தது. சம்பந்தி சிரிக்க ஆரம்பித்திருந்தார். வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். நான் நாற்காலி வரிசையின் ஓரத்தில் இருந்ததால் கேட்டது.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"நான் யாருகிட்டயும்..."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து மணமகன் அறைக்குப் போய்விட்டார். அண்ணி இன்னும் நாலு பாட்டு வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அதோடு நிறுத்தி, மைக்கைக் குழுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்து வைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

காலையில் காபி கொடுக்கும் இடத்தில் சம்பந்தி என்னைத் தேடி வந்தார். வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது; கண் மட்டும் தூங்கவில்லை.

"தம்பி, அது யாரு சொல்லி ஒங்களுக்குத் தெரியும்?"

"யாரும் சொல்லலைங்க. நீங்க அப்படி மறக்கவே மாட்டீங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் பாடுனாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்.

கல்யாணமான முதல் மாதம். மனைவியைத் தன் பஸ்ஸிலேயே அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். வழியில் ஒரு ஊரில் கடைத்தெருவில் வண்டி நின்றது. அவள் பூ வாங்க இறங்கினாள். இவர் டீ குடித்தார், ஏறினார், விசில் அடித்தார். "ரெண்டு ஸ்டாப்பு தாண்டி டிக்கெட் போட்டுக்கிட்டே வர்றேன். முன்னாடி சீட்டுல மஞ்சப்பை மட்டும் ஒக்காந்திருக்கு. அப்பத்தான் எனக்குக் கல்யாணம் ஆயிருக்குன்னே ஞாபகம் வந்துச்சு." அவள் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் இவருடைய சிநேகிதர். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தச் சிநேகிதர் உட்பட மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

"அன்னைலேருந்துதான் தம்பி, நான் ரெண்டு தடவ எண்ணுறது."

டீக்கடைக்காரர் சொன்னது சரி. டிரைவர் சொன்னதும் சரி. ஏன் இரண்டு தடவை எண்ணுகிறார் என்று நான் கேட்கவில்லை. எதையும் விடாமல் எண்ணுகிற ஒருவர் எப்போதோ ஒரு முறை எதையோ விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சம்பந்தி கேட்டுக்கொண்டதற்காக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கைகட்டி முழுவதும் கேட்டார்.

"இருக்கறத விசாரிப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். இல்லாதத விசாரிக்கறதுக்கு எந்த ஊர்லங்க ஆள் அனுப்புவாங்க? இவரு ஒளறிட்டாரு, நீங்க மூடுறீங்க. சரி, விடுங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

தாலி கட்டியதிலும் பந்தியிலும் ஒரு குறையும் இல்லை. அவர் எல்லாரையும் வாங்க என்றார், சாப்பிட்டீங்களா என்றார். அண்ணியையும் கேட்டார். ஆனால் அக்கா என்று கூப்பிடவில்லை. "பொண்ணோட அம்மா சாப்பிட்டாச்சா?" என்று அண்ணி எதிரில் இருக்கும்போதே இன்னொருவரிடம் கேட்டார்.

அடுத்த எட்டு நாளும் அண்ணி போனும் கையுமாக இருந்தார். காலையும் மாலையும் மகளுக்குப் பேசுவார். பேசி முடித்ததும் எனக்குப் பேசுவார்.

"நல்லாருக்கேம்மான்னு சொல்றா தம்பி. காலையிலயும் அதத்தான் சொன்னா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா."

"நல்லா இருப்பா அண்ணி. அதனாலதான் சொல்றா."

"ஒங்க பேப்பர்ல கலெக்டர் நல்லாருக்குன்னு சொன்னா அப்படியே போட்டுருவீங்களா?"

இதற்கிடையில் ஸ்டேட்டஸில் போன வீடியோ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டையும் எட்டியிருந்தது. பழைய டிரைவர்கள் சம்பந்தியைப் பார்த்தால், "அண்ணே, வூட்டம்மா ஏறியாச்சா?" என்று கேட்பதாக டீக்கடைக்காரர் எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தார். அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடவா என்று அண்ணி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அண்ணன்தான் தடுத்தார். "கேட்டா தெரிஞ்சுதான் பாடுனேன்னு ஆயிரும். பேசாம இரு." கேட்காமல் இருந்தாலும் அவர்கள் வீட்டில் பதில் பாட ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

ஒன்பதாம் நாள் சம்பந்தி விருந்து. பெரம்பலூருக்கு வேன் எடுத்துக்கொண்டு போனோம். அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த நேரத்தில் வேனில் எல்லாரும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து லாரியின் பின்கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். பாட்டுக்காரி ஒருத்தி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் வாய் திறக்காமல் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் மகள் நின்றாள். அண்ணி அவளை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணியால் முடிவு செய்ய முடியவில்லை என்று நினைக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவே பரிமாறினார். அண்ணியின் இலைக்கு வந்தபோது அப்பளத்தை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனார். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. எழுந்து கிளம்பலாமா என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கூடத்தின் நடுவில் வந்து நின்றார். இரண்டு முறை கைதட்டினார். பத்துக் குழந்தைகளைப் பாய் விரித்து உட்காரவைக்கிறவர் தட்டுவதுபோல இருந்தது.

"எல்லாரும் அப்படியே ஒக்காருங்க. பேசக் கூடாது."

உட்கார்ந்தோம். வெற்றிலை மென்றவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அங்கன்வாடி டீச்சர் என்று எனக்குத் தெரியும். அவர் வேலையில் பாதி பாட்டுதான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதையும் நான் விசாரிக்கவில்லை. கை விரித்து, கை மடக்கி, இடுப்பில் வைத்து, சைகையோடு பாடினார்.

மோட்டாரப் போட்டுவிட்டு
மூடிவச்ச ரூமுக்குள்ள
பாட்டு ஒண்ணு கட்டுறாங்க
பாட்டுக்காரச் சம்பந்தி!
தொட்டி ரொம்பி வழிஞ்சாச்சு,
தெருவெல்லாம் சேறாச்சு,
கட்டி வச்ச பாட்டு மட்டும்
காதுக்கு வந்து சேரலையே!

அவர்கள் வீட்டுப் பெண்கள் கடைசி அடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு தட்டுகூடத் தாளம் தவறவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அண்ணிக்கு மட்டும் காது மடலில் தொடங்கிக் கழுத்து வரை சிவந்துகொண்டு வந்தது.

முதலில் புரிந்தது அண்ணனுக்கு. "மோட்டார் ரூமுலயா?" என்றார். "சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு மோட்டாரப் போட்டுக்கிட்டா பாடிப் பாத்த? அடியே, நான் ரெண்டு வால்வு மாத்துனேன்டி! அந்தப் பிளம்பர எத்தன தடவ திட்டியிருப்பேன்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"எப்பக் கேட்டாங்க?"

"தெனமும் சாயங்காலம் பேசிக்கிட்டிருப்போம்மா. அப்ப."

அண்ணி இதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதாக எனக்குப் பட்டது. தினமும் சாயங்காலம்.

"எங்கிட்ட நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மான்னு மட்டும் சொன்னியேடி!"

"பாட்டு வெளிய வந்துரும்னு அத்தை ஒண்ணும் பேசக் கூடாதுன்னுட்டாங்க."

மாப்பிள்ளையின் அம்மா அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒங்க கொழுந்தனார் அன்னைக்குக் காலையில வந்து சொன்னப்ப நான் நம்பல அக்கா. பொண்ணு வந்து சொன்னப்பவும் நம்பல. அம்மாவுக்காகச் சொல்லுதுன்னு நெனச்சேன். மோட்டார் ரூமு கதையச் சொன்னுச்சு பாருங்க, அப்பத்தான் நம்புனேன். ஒரு பொய்யக் கட்டறதுக்கு இவ்ளோ பாடுபடறவங்க நெசத்தத் தேடிக்கிட்டு எங்க போகப்போறாங்க?" ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். "ஆனா நீங்க பாடுனது நெசமாப் போச்சா இல்லையா? அதான் நானும் நெசத்தையே பாடிட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

"மெட்டு அங்கன்வாடி மெட்டு" என்றார் அண்ணி. "ஆனா அந்தக் கடைசி அடி நல்லாருக்கு. அது நீங்க கட்டுனதா, இவ கட்டுனதா?"

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். மகள் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு எங்களோடு வந்தார்கள். வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். சம்பந்தி படியில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, முன்னாலிருந்து பின்னால் வரை எங்களை எண்ணினார். பின்னாலிருந்து முன்னால் மறுபடி எண்ணினார். உதடு அசைந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கீழே வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"ஏங்க, நான் கீழ நிக்கிறேன். பாத்துக்கிட்டு விசில் அடிங்க!"

சம்பந்தி எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.